நிழலை அளந்து நேரம் சொன்னவர்கள்

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா? இருந்தால், மாலையில் விளக்கேற்றும் வேளைக்கு அங்கிருந்து வரும் பாங்கொலி உங்கள் காதுக்குப் பழக்கமாயிருக்கும். "அதோ, பாங்கு சொல்லியாயிற்று, இந்தப் பிள்ளைகளை இன்னும் காணோமே!" என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும் தாய்மார்கள் முஸ்லிம் வீடுகளில் மட்டுமல்ல, மற்ற வீடுகளிலும் உண்டு. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. பாங்குதான் கடிகாரம்.

ஆனால் அந்தக் கடிகாரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சென்னையில் ஜூலை மாதத் தொடக்கத்தில் மாலைப் பாங்கு 6 மணி 40 நிமிஷத்தை ஒட்டிக் கேட்கும். அதே பள்ளிவாசலில், நவம்பர் நடுவில், 5 மணி 40 நிமிஷத்தை ஒட்டியே கேட்டுவிடும். முழுசாக ஒரு மணி நேர வித்தியாசம்! பள்ளிக்கூடத்து மணி வருஷம் முழுவதும் ஒரே நேரத்துக்கு அடிக்கிறது. ஆபீஸ் திறக்கும் நேரமும் மாறுவதில்லை. இது மட்டும் ஏன் நாளுக்கு நாள் நகர்கிறது?

பாங்கு சொல்பவரை நம் ஊர் முஸ்லிம்கள் மோதினார் என்பார்கள். அவர் தம் இஷ்டத்துக்கு நேரத்தை நகர்த்துவதில்லை. பள்ளிவாசல் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. மாதம், தேதி, அதற்கு நேராக ஐந்து வேளைத் தொழுகையின் நேரங்கள், எல்லாம் நிமிஷக் கணக்காக. அதே அட்டவணை முஸ்லிம் வீடுகளிலும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும். இப்போது கைபேசியிலும் வந்துவிட்டது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்க் கூட்டத்தோடு தொழுதுவிடலாம். அடுப்பையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே தொழும் பெண்களுக்கு அந்த அட்டவணைதான் துணை.

அந்த எண்களை எழுதியவர் யார்? எதைப் பார்த்து எழுதினார்? விசாரித்துக்கொண்டே போனால், அது நம்மை டமாஸ்கஸ் நகரத்து ஸ்தூபி ஒன்றின் மேலும், வால்கா நதிக்கரைக்கும், பூமியை விட்டு விண்வெளிக்கும்கூட அழைத்துப் போகிறது. கிளம்பலாமா?

வானத்தில் ஐந்து அடையாளங்கள்

இஸ்லாம் தோன்றிய 7ஆம் நூற்றாண்டில் அரேபியாவில் யார் வீட்டுச் சுவரிலும் கடிகாரம் கிடையாது. ஆகையால் தொழுகை வேளைகளை மணிக் கணக்கில் யாரும் வகுக்கவில்லை. வானத்தில் கண்ணால் காணக்கூடிய அடையாளங்களைக் கொண்டே வகுத்தார்கள்.

கிழக்கே வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் உதிக்கும் வரையில் சுபுஹுத் தொழுகை. சூரியன் உச்சியைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியதும் லுஹர். நிழல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நீண்டதும் அஸர். சூரியன் மறைந்ததும் மஃரிப். மறைந்த பிறகும் மேற்கே தங்கியிருக்கும் செவ்வொளி அடங்கியதும் இஷா. (செம்மைக்குப் பின் சற்று நேரம் நிற்கும் வெண்மையும் அடங்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து.) இந்த ஒவ்வொரு வேளைக்கும் 'வக்து' என்று பெயர்.

இதில் உள்ள அழகைப் பாருங்கள். இதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம். பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனும், வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் தாங்களாகவே வக்தைக் கண்டுகொள்ளலாம். கண் இருந்தால் போதும்.

அப்படியானால் வானசாஸ்திரம் எதற்கு என்கிறீர்களா? மேகம் மூடிய நாளில் என்ன செய்வது? நாலு பக்கமும் வீடுகள் நெருங்கிய நகரத்தில் அடிவானம் ஏது? நாளைக்கு இன்ன நேரம் என்று இன்றைக்கே எப்படிச் சொல்வது? இங்கேதான் கண்ணுக்கு உதவியாகக் கணக்கு வந்து சேர்ந்தது. வந்த பிறகுதான், சுலபம் என்று நினைத்த அடையாளங்கள் எவ்வளவு பொல்லாதவை என்பதும் தெரிந்தது.

சூரியன் மறைவதையே எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் தண்ணீரில் போட்ட கரண்டி வளைந்தாற்போல் தெரிகிறதல்லவா? அதைப் போலவே பூமியைச் சூழ்ந்த காற்றும் சூரிய ஒளியை வளைக்கிறது. கடற்கரையில் நின்று, சூரியன் அடிவானத்தைத் தொடுகிறது என்று நீங்கள் சுட்டிக் காட்டும்போது, உண்மையான சூரியன் ஏறக்குறைய முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும்! நாம் பார்ப்பது வளைந்து வந்த ஒளியை. ஆனால் சட்டம், கண்ணுக்கு மறைய வேண்டும் என்றுதானே சொல்கிறது? ஆகவே அட்டவணை போடுகிறவர் இந்த வளைவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

உயரம் இன்னொரு சங்கடம். உயரே போகப் போக அடிவானம் தாழ்ந்து, சூரியன் அதிக நேரம் தெரியும். துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா கட்டடம் 2010இல் திறக்கப்பட்டது. மறு வருஷம் ரமலான் மாதத்தில் அவ்வூர் மார்க்க அறிஞர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிஷமும், 150ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிஷமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று! கீழ் வீட்டுக்காரர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். மேல் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் பகல் முடியவில்லை.

மொட்டை மாடியில் ஒரு குச்சி

அஸர் வேளை எப்படித் தெரியும் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெயிலில் மொட்டை மாடிக்குப் போகச் சொல்கிறோமே என்று கோபிக்க வேண்டாம். வடகம் காயப்போடப் போகும்போது செய்தால் போதும். ஒரு குச்சியைச் சப்பாத்தி மாவு உருண்டையில் செருகி, நேராக நிறுத்துங்கள். முனை தரையிலிருந்து 12 அங்குல உயரம் இருக்கட்டும்.

காலையில் அதன் நிழல் மேற்கே நீளமாக விழும். வர வரக் குறுகும். மிகக் குறுகி நிற்கிற நேரம்தான் உச்சி. பிறகு நிழல் கிழக்குப் பக்கம் நீளத் தொடங்கும். லுஹர் வேளை பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

உச்சி என்றால் பகல் 12 மணி என்றுதானே நினைக்கிறோம்? சென்னையில் அப்படி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 52 நிமிஷத்துக்கே உச்சி வந்துவிடும். பிப்ரவரி நடுவிலோ 12 மணி 23 நிமிஷம் ஆகும். இந்தியாவுக்கெல்லாம் பொதுவான மணி, சென்னைக்குச் சற்றுக் கிழக்கே ஓடும் ரேகையைக் கொண்டு வகுத்தது. அதனால் 9 நிமிஷம் வித்தியாசம். மிச்சத்துக்குக் காரணம், பூமி சாய்ந்து சுழல்வதும், சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றாததும்தான்.

நிழலின் அளவும் ஒரே மாதிரி இருக்காது. டிசம்பர் கடைசியில் உச்சிப் பொழுதில் உங்கள் குச்சியின் நிழல் வடக்கே 9 அங்குலம் விழும். ஜூன் கடைசியில் 2 அங்குலந்தான், அதுவும் தெற்கே. ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய தேதிகளை ஒட்டி, உச்சி வேளையில் நிழலே இருக்காது! குச்சி தன் நிழலைத் தானே விழுங்கிவிடும்.

சரி, அஸருக்கு வருவோம். உச்சி வேளையில் இருந்த நிழலோடு குச்சியின் நீளமும் சேர்ந்தால் அஸர் வேளை தொடங்குகிறது. டிசம்பரில் 9 அங்குலத்தோடு 12 சேர்ந்து 21 அங்குலம் ஆக வேண்டும். இது ஷாபி, மாலிகி, ஹம்பலி ஆகிய மூன்று வழியினரின் முறை. ஹனபி வழியில் குச்சியின் நீளம் இரண்டு மடங்கு சேர வேண்டும் என்பார்கள். நம் தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி வழி வேரூன்றியிருக்கிறது. ஹனபி வழியினரும் ஏராளமாக இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் ஷாபி கணக்குப்படி 3.15 மணியை ஒட்டியும், ஹனபி கணக்குப்படி 4.30 மணியை ஒட்டியும் அஸர் வரும். ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு வெவ்வேறு நேரத்தில் கேட்பதன் ரகசியம் இதுதான். ஒருவருடைய கடிகாரமும் தப்பில்லை. இருவரும் அதே நிழலைத்தான் அளக்கிறார்கள்.

குச்சியும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் நிழலையே தங்கள் பாதத்தால் அளந்தார்கள். மனிதருடைய உயரம் அவரவர் பாதத்தால் ஆறரை, ஏழு அடி இருக்கும். குள்ளமானவருக்குப் பாதமும் சிறிது. நெட்டையானவருக்குப் பாதமும் பெரிது. ஆகையால் கணக்கு அவ்வளவாகப் பிசகாது.

டமாஸ்கஸ் நகரத்துக் கல்

உச்சி நிழலை எதற்காகத் தனியாகக் கூட்டுகிறார்கள் என்று தோன்றலாம். சென்னையில் அதன் அவசியம் அவ்வளவாகத் தெரியாது. நம்மைவிட வெகு தூரம் வடக்கே இருக்கும் டமாஸ்கஸுக்குப் போனால் தெரியும். அங்கே டிசம்பர் கடைசியில் உச்சிப் பொழுதிலேயே 12 அங்குலக் குச்சியின் நிழல் 18 அங்குலத்தைத் தாண்டிவிடும். நிழல் குச்சியளவு ஆகட்டும் என்று வெறுமே காத்திருந்தால், லுஹரும் அஸரும் ஒன்றாகவே வந்து நிற்கும்!

ஆக, ஊருக்கு ஊர் நிழல் வேறு. நாளுக்கு நாள் வேறு. இதையெல்லாம் கணக்கிட்டு அட்டவணையாக எழுதும் வேலை 9ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழைய அட்டவணை பாக்தாத் நகரத்துக்காகப் போடப்பட்டது. அதைத் தயாரித்தவர் என்று கருதப்படுபவர், பெயரைக் கேட்டாலே கணக்கு வாத்தியார்கள் எழுந்து நிற்க வேண்டிய மேதை அல்குவாரிஸ்மி. கெய்ரோவில் 1009இல் மறைந்த இப்னு யூனுஸின் பெயரோடு வழங்கிய அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரையில் அந்நகரத்துக்குப் பயன்பட்டன.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பள்ளிவாசல்களில் ஒரு புது உத்தியோகமே ஏற்பட்டது. அதற்கு 'முவக்கித்' என்று பெயர். வக்து என்ற சொல்லோடு பிறந்த சொல்தான். வக்தைக் குறிப்பவர் என்று பொருள். மோதினாருக்குக் குரல் முக்கியம். முவக்கித்துக்கோ வானசாஸ்திரமும் கணக்கும் முக்கியம். இந்த உத்தியோகம் சிரியாவுக்கும் பரவியது. டமாஸ்கஸின் புகழ்பெற்ற உமையாப் பள்ளிவாசலில் இந்தப் பொறுப்பை வகித்தவர்களில் ஒருவர்தான் இப்னு அல்ஷாதிர்.

அவருடைய கதை உங்களுக்குப் பிடிக்கும். சுமார் 1305இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார். பாட்டனாரிடமும் உறவினரிடமும் வளர்ந்து, மரத்தில் தந்தம் இழைக்கும் கைத்தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு கெய்ரோவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் போய் வானசாஸ்திரம் படித்தார். தந்தம் இழைப்பதென்றால் மயிரிழை பிசகாத கை வேண்டும் அல்லவா? அந்தக் கை பின்னால் கருவிகள் செய்வதற்கு நன்றாகவே உதவியது.

1371-72இல் அவர் ஒரு பெரிய பளிங்குக் கல்லில் நிழற்கடிகாரம் ஒன்றைச் செதுக்கினார். ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். பெரிய கடிகாரம் ஒன்றும் சிறியவை இரண்டுமாகக் கல் நிறையக் கோடுகள். சூரியன் உதித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, அஸ்தமிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, அஸர் எப்போது என்பதையெல்லாம் நிழல் விழும் இடத்தைக் கொண்டே படித்துவிடலாம். நிழல் வீசும் ஊசியைத் துருவ நட்சத்திரம் இருக்கும் திசையை நோக்கிச் சாய்த்து வைத்தார். பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அதற்கு இணையாக ஊசி நின்றதால், கோடையிலும் குளிரிலும் ஒரே அளவான மணிகளை அது காட்டியது. இம்மாதிரி ஊசி கொண்ட நிழற்கடிகாரங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். பள்ளிவாசலின் வடக்கே, மணமகள் ஸ்தூபி என்று அழைக்கப்படும் கோபுரத்தில் அந்தக் கல் அமர்ந்தது.

ஐந்நூறு ஆண்டுகள் அந்தக் கல் நேரம் சொல்லிற்று. 1876இல் தந்தாவி என்ற முவக்கித் அதைச் சீர்படுத்த முயன்றபோது உடைந்துவிட்டது. பதறிப் போயிருப்பார் பாவம்! ஆனாலும் மனம் தளராமல் அதே மாதிரி இன்னொரு கல்லைச் செதுக்கி அந்த இடத்தில் வைத்தார். உடைந்த துண்டுகள் டமாஸ்கஸ் தேசியப் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்னு அல்ஷாதிருடைய கணக்குகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சந்திரனுடைய போக்கைக் கணக்கிட அவர் வகுத்த முறையும், சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு 1543இல் வெளிவந்த கோபர்னிகஸின் நூலில் உள்ள முறையும் ஒன்றாகவே இருப்பதை 1957இல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். இது எப்படி நேர்ந்தது என்று சரித்திர அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓநாயின் வால்

இதுவரை சொன்னதெல்லாம் பகல் சமாசாரம். பகலில் நிழல் இருக்கிறது, அளக்கலாம். விடியற்காலையில் எதை அளப்பது? சுபுஹு வேளை தொடங்குவது முதல் வெளிச்சம் தெரியும்போது. அந்த முதல் வெளிச்சம் மனிதரை ஏமாற்றக்கூடியது.

நகரத்து விளக்குகளுக்கு வெகு தூரத்தில், தெளிவான வானத்தில், விடிவதற்கு நெடுநேரம் முன்பே கிழக்கே ஒரு மங்கிய ஒளி கூம்பு போல மேல்நோக்கி எழுவதுண்டு. பாலைவனத்து அரபிகள் அதை ஓநாயின் வாலுக்கு ஒப்பிட்டார்கள். பொய் விடியல் என்றும் பெயரிட்டார்கள். கோள்கள் சுற்றும் வெளியில் மிதக்கும் தூசியின் மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் அது உண்டாகிறது என்பதைப் பிற்கால விஞ்ஞானம் கண்டுபிடித்தது. அதைக் கண்டு ஏமாறக்கூடாது. அடிவானத்தை ஒட்டி இடமும் வலமுமாகப் பரவுகிற வெள்ளை ஒளிதான் மெய்யான விடியல். வெள்ளை நூலும் கறுப்பு நூலும் வேறு வேறாகத் தெரிவதை இதற்கு உவமையாகக் குர்ஆன் சொல்கிறது.

மெய்யான விடியலின்போது சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? இதுதான் வானசாஸ்திரிகளின் கேள்வி. அடிவானத்திலிருந்து தலை உச்சி வரையில் 90 பாகை என்று வைத்துக்கொண்டால், அதே அளவுகோலால் கீழேயும் அளக்கலாம். 11ஆம் நூற்றாண்டு மேதை அல்பிரூனி 18 பாகை என்றார். இப்னு அல்ஷாதிர் காலத்திலேயே டமாஸ்கஸில் வாழ்ந்த அல்கலீலி தம் அட்டவணையில் விடியலுக்கு 19 பாகையும், இரவு கவிவதற்கு 17 பாகையும் வைத்துக்கொண்டார். இன்று உலக முஸ்லிம் லீக் 18 பாகை என்கிறது, எகிப்தில் 19½, வட அமெரிக்காவில் பலர் 15 பாகையைப் பின்பற்றுகிறார்கள்.

ஒரு பாகையில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். சென்னையில் ஒரு பாகை என்பது சுமார் 4 நிமிஷம்.

இரவு வராத ஊர்

சென்னையிலும் டமாஸ்கஸிலும் சூரியன் தினந்தோறும் 18 பாகை கீழே இறங்கிவிடும். வடக்கே போகப் போக, கோடையில் அவ்வளவு தூரம் இறங்குவதே இல்லை. அங்கே என்ன செய்வது?

இந்தத் திண்டாட்டத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அனுபவித்து எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் இப்னு ஃபத்லான். 921இல் பாக்தாத் கலீஃபா அனுப்பிய தூதுக் குழுவோடு கிளம்பி, மறு வருஷம் கோடையில், வால்கா நதிக்கரையில் இருந்த பல்கார் அரசனுடைய கூடாரங்களை அடைந்தார். அங்கே அரசனிடம் வேலை பார்த்த தையற்காரர் ஒருவர், அவரும் பாக்தாத்காரர். அயலூரில் நம் ஊர்க்காரரைச் சந்தித்தால் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? இருவரும் இஷாப் பாங்கை எதிர்பார்த்தபடி கூடாரத்துக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம்கூட ஆகவில்லை. பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால், பொழுது விடிந்திருக்கிறது!

திடுக்கிட்டுப்போய் மோதினாரைக் கேட்டார். அவர் சொன்ன பாங்கு சுபுஹுப் பாங்காம். இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுதுவிடுவது அங்கே வழக்கமாம். சுபுஹு தவறிவிடுமோ என்ற பயத்தில் தாம் ஒரு மாதமாக இரவில் தூங்கவே இல்லை என்றும் அந்த மோதினார் சொன்னாராம். பாவம், அந்த மனிதரிடம் அட்டவணை ஏது?

இன்று லண்டனில் வசிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பிரச்னை உண்டு. மே கடைசி வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரையில் அங்கே சூரியன் 18 பாகை கீழே இறங்குவதில்லை. நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள திரொம்ஸோவிலோ கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறைவதே கிடையாது. அடையாளமே இல்லாத இடத்தில் மார்க்க அறிஞர்கள் பல வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். அடையாளம் தெரியும் மிக அருகிலுள்ள ஊரின் நேரத்தைக் கொள்ளலாம். கடைசியாக அடையாளம் தெரிந்த நாளின் நேரத்தைக் கொள்ளலாம். இரவை ஏழு பங்காக்கிக் கணக்கிடலாம்.

2007 அக்டோபரில் மலேசியாவைச் சேர்ந்த டாக்டர் ஷேக் முஸாபர் சுகூர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அப்போது ரமலான் மாதம். அந்த நிலையம் ஒன்றரை மணிக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒரே நாளில் 16 உதயம், 16 அஸ்தமனம்! அத்தனைக்கும் தொழுவதென்றால் 80 வேளை ஆகிவிடும் அல்லவா? 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளை தொழுதால் போதும், விண்கலம் கிளம்பிய ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மலேசிய அறிஞர்கள் முன்கூட்டியே வழி சொல்லி அனுப்பினார்கள்.

எட்டு நிமிஷம்

விண்வெளிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் அதே மலேசியாவில், தரையில், எல்லோர் வீட்டு அடுப்படியையும் தொட்ட ஒரு சிக்கல் பின்னால் எழுந்தது.

அங்கே விடியலுக்கு 20 பாகை என்று வைத்து நெடுங்காலமாக அட்டவணை போட்டு வந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் கருவிகளையும் காமிராக்களையும் எடுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சம் படாத இடங்களுக்குப் போய், விடியற்காலை வானத்தை அளந்தார்கள். 20 பாகையில் கிழக்கே வெளுப்பு தெரியவில்லை. அந்த முடிவுகளைப் பரிசீலித்து, 2019 நவம்பர் கடைசியில் 20 பாகையை 18 ஆக மாற்றினார்கள். சுபுஹு வேளை 8 நிமிஷம் தள்ளிப் போயிற்று.

பக்கத்து இந்தோனேசியாவிலும் இதே விவாதம். முஹம்மதியா என்ற பெரிய முஸ்லிம் அமைப்பு 2021இல் 18 பாகைக்கு மாறியது. அரசாங்கமோ 20 பாகையிலேயே நின்றது. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் 8 நிமிஷ இடைவெளியில் இரண்டு விடியல்!

வெறும் 8 நிமிஷத்துக்கா இத்தனை ஆராய்ச்சி என்று கேட்பவர்கள், ரமலான் மாதத்தில் ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியைப் பார்க்க வேண்டும். ஊர் அடங்கிக் கிடக்கும் வேளையில் அந்த வீட்டுப் பெண் முதலில் எழுந்திருக்கிறாள். சோற்றைச் சுடவைத்து, தூங்கும் பிள்ளைகளை உலுக்கி எழுப்பி, ஸஹர் உணவைப் பரிமாறுகிறாள். எல்லோரும் உண்ட பிறகே அவள் உட்காருகிறாள். அவள் கண் தட்டில் இல்லை. சுவரில் தொங்கும் அட்டவணையில் இருக்கிறது. விடியல் நேரம் வந்துவிட்டால், கையில் எடுத்த தண்ணீரையும் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு மாலை வரையில் ஒரு மிடறு கிடையாது.

"அப்படியானால் சற்று முன்னதாகவே நேரத்தைப் போட்டுவிட்டால் என்ன? பத்திரம்தானே?" என்று உங்களுக்குத் தோன்றும். முன்னதாகச் சாப்பாட்டை முடித்துக்கொள்வதில் பிசகில்லைதான். ஆனால், அதே நிமிஷத்தில்தான் சுபுஹுத் தொழுகையின் வேளை பிறக்கிறது. வேளை வருமுன் தொழுத தொழுகை தொழுகையாகாது. நேரத்தை முன்னால் நகர்த்தினால் நோன்பு பத்திரம், தொழுகை ஆபத்து. பின்னால் நகர்த்தினால் தொழுகை பத்திரம், நோன்பு ஆபத்து. ஒரே கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கடமைகள். ஆகவேதான் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஆயிரம் ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள்.

அவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? கணக்கு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. சூரியன் எந்த வினாடியில் எத்தனை பாகை கீழே இருக்கும் என்று எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால், எத்தனை பாகையில் விடிகிறது என்று கணக்குக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு யாராவது ஒருவர் இருட்டில் எழுந்து போய், கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். பாலைவனத்து ஆட்டிடையன் செய்த அதே வேலையைத்தான் இன்று காமிராவோடு செய்கிறார்கள்.

வடகம் காயப்போடப் போகும்போது குச்சியை மறந்துவிடாதீர்கள். உச்சி நிழலைச் சுண்ணாம்பால் குறித்து, அதன் நீளத்தோடு 12 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். நிழல் அந்த அளவுக்கு நீண்டதும் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த முஸ்லிம் வீட்டு அம்மாள் யாரையாவது கேட்டு, அவர்கள் வீட்டு அட்டவணையில் அன்றைய ஷாபி அஸருக்கு என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஓரிரு நிமிஷ வித்தியாசத்தில் ஒத்துப் போகும். ஹனபி வீடாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் மாடிக்கு ஏற வேண்டியிருக்கும். அதனால் என்ன, வடகத்தை எடுத்துவர எப்படியும் போகத்தானே வேண்டும்?